லாரின்னு ஒரு நாய்க்குட்டி, ரெண்டு வாண்டு, நடுவுல நான். குட்டியை திருப்பிக் கொடுத்துடலாமா?

தூக்கம்கெட்டவ:

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா ஓரமா நின்னு படிச்சுட்டு இருந்தவ, இன்னைக்குதான் முதல் தடவை எழுதுறேன், நீளமா போனா திட்டாதீங்க. பெரியவனுக்கு அஞ்சரை வயசு, சின்னவளுக்கு ரெண்டே கால். மூணு வாரம் முன்னாடி வீட்டுக்கு நாய்க்குட்டி வந்துச்சு. வந்துச்சுன்னா தானா நடந்து வரல, எங்க வீட்டுக்காரர் ஒரு நாள் சாயங்காலம் துண்டுல சுத்தி தூக்கிட்டு வந்து நின்னாரு, பசங்க ரெண்டும் குதிச்ச குதியில என்னால வேணாம்னு சொல்ல வாய் வரல. அப்போ அதுக்கு 9 வாரம், இப்போ 12. பெரியவனுக்கு லாரின்னா உயிர், அதனால பேரும் லாரி.

முதல் ரெண்டு நாள் எங்க வச்சாலும் தூங்குச்சு, அடடா எவ்ளோ சாதுன்னு நினைச்சேன். இப்போ காலையில கூட பரவால்ல, சாயங்காலம் ஆறு மணி ஆனா அதுக்கு என்னமோ ஆயிடுது. ஹால்ல இருந்து ரூமுக்கு, ரூம்ல இருந்து ஹாலுக்கு தலைதெறிக்க ஓடுது, சின்னவ பின்னாடியே போய் கவுனைப் பிடிச்சு இழுக்குது, அவ கத்துறா, அவ கத்த கத்த இதுக்கு குஷி ஜாஸ்தி ஆகுது. இப்பல்லாம் அவ சோஃபாவை விட்டு கீழ இறங்கவே மாட்டேங்குறா, இறங்குறதுக்கு முன்னாடி "லாயி தூங்குதா"ன்னு என்னைக் கேட்டுட்டுதான் கால வைக்கிறா. அதைக் கேக்கும்போது எனக்கு வயிறு என்னமோ பண்ணுது. நேத்து குதிகால்ல பல்லு பட்டு லேசா கீறி இருந்துச்சு, துடைச்சு விட்டுட்டேன்.

பெரியவன் கதை நேர் எதிர். அவன் குட்டியை கீழ விடவே மாட்டான். முன்னங்காலு ரெண்டையும் பிடிச்சு, பின்னங்காலு தொங்க தொங்க, பை மாதிரி தூக்கிட்டு அலையுறான். முந்தாநாள் அது மேஜைக்கு அடியில தூங்கிட்டு இருந்தப்போ இவன் மேல படுத்து கட்டிப் பிடிச்சிருக்கான், அது "உர்ர்"ருன்னு உறுமிடுச்சு. கடிக்கல. ஆனா மாமியார் பாத்துட்டாங்க, "இன்னைக்கு உறுமுறது நாளைக்கு கடிக்கும், குழந்தைங்க இருக்கிற வீட்டுல இது வேணாம்மா"ன்னு சொல்லிட்டாங்க. வீட்டுக்காரர் அதோட மூக்குல ஒண்ணு தட்டி அதட்டினாரு. அதுக்கப்புறம் அவர் கையைப் பாத்தாலே குட்டி பம்முது.

இதுக்கு நடுவுல உச்சா வேற. வெளிய கூட்டிட்டுப் போனா பத்து நிமிஷம் எறும்பை வேடிக்கை பாக்குது, உள்ள வந்து கால வச்ச உடனே போகுது. ராத்திரி ரெண்டு தடவை எழுந்துக்குறேன், சின்னவளுக்கு ஒரு தடவை. நேத்து பாத்ரூம்ல உக்காந்து அழுதேன்னு சொல்ல வெக்கமாத்தான் இருக்கு.

கேள்வி இதுதான். உறுமுறதுன்னா குட்டியோட குணமே சரியில்லன்னு அர்த்தமா? இந்தக் கடி தானா நிக்குமா? இல்ல இப்பவே, பசங்க இன்னும் ஒட்டிக்கிறதுக்கு முன்னாடி, வேற நல்ல இடம் பாத்துக் கொடுத்துடுறது நல்லதா?


மூணுவால்:

சிஸ், முதல்ல ஒரு விஷயம், அழுததுக்கு வெக்கப்படாதீங்க. நான் மூணு நாய் வளர்த்தவ, மூணுக்கும் முதல் மாசம் அழுதிருக்கேன். மூணாவதுக்கு அழுதப்போ எனக்கே சிரிப்பு வந்துடுச்சு, அதுதான் வித்தியாசம்.

உறுமல் பத்தி. அது நல்ல விஷயம்னு சொன்னா மாமியார் என்னை அடிக்க வருவாங்க, ஆனாலும் சொல்றேன். தூங்குறவன் மேல திடீர்னு 20 கிலோ விழுந்தா நீங்களும் நானும் என்ன பண்ணுவோம்? "டேய்"னு கத்துவோம். அதுக்கு டேய் சொல்ல வராது, உர்ர்னு சொல்லுச்சு. சொல்லிட்டு கடிக்காம நிறுத்திக்கிச்சு பாருங்க, அதைத்தான் கவனிக்கணும். மூக்குல தட்டினா அது கத்துக்கிறது "குழந்தை மேல விழுந்தா பொறுத்துக்கணும்"னு இல்ல, "உறுமினா அடி விழும்"னுதான். அடுத்த தடவை உறுமாம நேரா கடிக்கலாம். சத்தமே போடாம கடிச்சுடுச்சுன்னு சொல்ற நாய்ங்கள்ல பாதி, சத்தம் போட்டப்போ அடி வாங்கின நாயாத்தான் இருக்கும், இது என் கருத்து. வீட்டுக்காரர்கிட்ட கையை நிறுத்தச் சொல்லுங்க. இன்னைக்கே. பம்முறது போக கொஞ்ச நாள் ஆகும், அவர் கையாலயே சாப்பாடு வைக்கட்டும், கீழ உக்காந்து கூப்பிடாம இருக்கட்டும், அதுவா வரும்.

இப்போ ஆறு மணி பேய். லாரி ஒரு நாளைக்கு எவ்ளோ நேரம் தூங்குது? எண்ணிப் பாத்தீங்களா? இந்த வயசுக் குட்டிக்கு ஒரு நாளைக்கு 18ல இருந்து 20 மணி நேரம் தூக்கம் வேணும். நெசமாத்தான். ரெண்டு வாண்டு இருக்கிற வீட்டுல அதுக்கு அந்தத் தூக்கம் கிடைக்காது, கண்ணை மூடினா ஒருத்தர் தொடுவாங்க, இன்னொருத்தர் கத்துவாங்க. சாயங்காலம் அது பண்றது கொழுப்பெடுத்து இல்ல, தூக்கம் இல்லாம. உங்க சின்னவ மதியம் தூங்காத அன்னைக்கு ராத்திரி என்ன ஆட்டம் போடுவா, அதேதான் இது, இதுக்கு பல்லு இருக்கு அவ்ளோதான் வித்தியாசம்.

நான் பண்ணினது: ஒரு மணி நேரம் முழிச்சிருக்கட்டும், சாப்பாடு, உச்சா, விளையாட்டு எல்லாம் அதுக்குள்ள, அப்புறம் ரெண்டு மணி நேரம் அதோட இடத்துல தூக்கம். கடிகாரம் பாத்து. க்ரேட்டோ (நாய்க்கான கூண்டு), ஒரு மூலையில கம்பித் தடுப்போ, அது உங்க இஷ்டம், ஆனா பசங்க கை நுழையாத இடமா இருக்கணும், மேல ஒரு துணி போட்டு கொஞ்சம் இருட்டாக்கிடுங்க. முதல் நாளே பூட்டிட்டு போயிடாதீங்க, பயந்துடும், உள்ள சாப்பாடு வச்சு கதவைத் திறந்தே விட்டு ரெண்டு மூணு நாள்ல பழக்குங்க. அது இந்த வீட்டுல லாரியோட ஷெட்டு, ஷெட்டுல நிக்கிற லாரிய யாரும் தொடக் கூடாதுன்னு பெரியவன்கிட்ட சொல்லிப் பாருங்க, லாரி பைத்தியம்னு சொன்னீங்களே, சட்டுன்னு புரிஞ்சுக்குவான். ஷெட்டுக்கு ஒரு போர்டு எழுதச் சொல்லுங்க.

கடி தானா நிக்குமான்னு கேட்டீங்க. பாதி தானா, பாதி உங்களால. இப்போ இருக்கிறது 28 பால் பல்லு, ஊசி மாதிரி இருக்கும். மூணரை நாலு மாசத்துல விழ ஆரம்பிக்கும், ஆறு ஏழு மாசத்துக்குள்ள பெரிய பல்லு 42ம் வந்துடும். அது வரைக்கும் ஈறு அரிக்கும், எதையாவது கடிக்கணும். நனைச்சு ஃப்ரீஸர்ல வச்ச துணி முடிச்சு கொடுங்க, பக்கத்துல இருந்து பாத்துக்கோங்க, நூல் பிரிஞ்சா வாங்கிடுங்க. ஆனா "பல்லு விழுந்தா சரியாயிடும்"னு சும்மா இருந்தா, பெரிய பல்லோட அதே பழக்கம் இருக்கும், அது பால் பல்லை விட மோசம்.


பாதி_செருப்பு:

மூணுவால் அக்கா சொன்னதுக்கு மேல என்ன சொல்ல. ஒரு அப்பாவா என் பங்குக்கு கொஞ்சம். எங்க வீட்ல அப்போ நாலு வயசும் ரெண்டு வயசும், குட்டி பத்து வாரம். என் பேரைப் பாத்தாலே எங்க வீட்டு நிலைமை புரியும்.

ஓடாதேன்னு குழந்தைகிட்ட சொல்றதும், கடிக்காதேன்னு குட்டிகிட்ட சொல்றதும் ஒண்ணுதான், ரெண்டும் கேக்காது. ஓடுற கால், ஆடுற பாவாடை, கீச்சுக் குரல், இது மூணும் சேந்தா எந்தக் குட்டிக்கும் அது விளையாட்டுக்கு அழைப்புதான். அதனால நாங்க ஸ்டாச்சு விளையாட்டு வச்சோம். குட்டி கால்கிட்ட வந்துச்சுன்னா "ஸ்டாச்சு", கையை மடக்கி மார்ல வச்சு, மேல கூரையைப் பாத்து, சத்தம் இல்லாம நிக்கணும். அசையாத பொருள் மேல குட்டிக்கு அஞ்சு செகண்டுக்கு மேல ஆர்வம் இருக்காது, விட்டுட்டுப் போயிடும். போகும்போது நான் ஒரு பொம்மையை வேற பக்கம் இழுத்துட்டுப் போவேன், நீளமா கயிறு கட்டின பொம்மை, அப்பதான் பல்லு கைகிட்ட வராது. குட்டி இல்லாதப்போ ஒரு இருபது தடவை ப்ராக்டீஸ் பண்ணோம், நான்தான் நாய், நாலு காலுல தவழ்ந்து வந்து கடிக்கப் போற மாதிரி நடிச்சேன், முட்டி தேஞ்சுது ஆனா பெரியவ கத்துக்கிட்டா.

பெரியவ மட்டும்தான். ரெண்டு வயசுக்கு ஸ்டாச்சு எல்லாம் வேலைக்கு ஆகாது, அவனுக்கு ரூல் கிடையாது, தடுப்புக் கேட்தான். ஹாலைக் குறுக்க ஒரு குழந்தை கேட் போட்டு ரெண்டாப் பிரிச்சோம். பல்லு இருக்கிறது ஒரு பக்கம், பாவாடை ஒரு பக்கம். ஒருத்தர ஒருத்தர் பாக்கலாம், மோந்துக்கலாம், இழுக்க முடியாது. உங்க சின்னவ சோஃபாவை விட்டு இறங்கணும்னா முதல்ல அவளுக்கு தரை திரும்பக் கிடைக்கணும்ங்க, குட்டியை நேசிக்கிறதெல்லாம் அப்புறம். தரை அவளோடதுன்னு ஆகட்டும், அவளே கேட்கிட்ட வருவா பாருங்க. நீங்க கையைப் பிடிச்சு "தொட்டுப் பாரு தொட்டுப் பாரு"ன்னு கூட்டிட்டுப் போகாதீங்க, அந்தத் தப்பை நான் பண்ணேன், ஒரு மாசம் பின்னாடி போச்சு.

உச்சா: வெளிய எறும்பு பாக்குதுன்னா நேரம் தப்பு. தூங்கி எழுந்த உடனே, சாப்பிட்டு பத்து பதினஞ்சு நிமிஷத்துல, விளையாட்டு நடுவுல ஒரு தடவை, இது மூணும் கட்டாயம். எழுந்ததும் நடத்திக் கூட்டிட்டுப் போகாதீங்க, தூக்கிட்டுப் போங்க, நடக்கவிட்டா வழியிலயே முடிஞ்சுடும். ஒரே இடம், கயிறு கட்டி, நீங்க மரம் மாதிரி நில்லுங்க, பேச வேணாம். போன உடனே, வீட்டுக்கு வந்து இல்ல, அங்கயே, வாயில ஒரு துண்டு. மூணு மாசக் குட்டி பகல்ல அதிகபட்சம் மூணு நாலு மணி நேரம்தான் அடக்கும், அதுவும் தூங்கினா. முழிச்சிருந்தா அரை மணிக்கு ஒரு தடவை போனாலும் ஆச்சரியப்படாதீங்க. வீட்டுக்குள்ள போன இடத்தை அமோனியா வாசம் வர்ற க்ளீனரால துடைக்காதீங்க, அதுக்கு அது உச்சா வாசம் மாதிரியே இருக்குமாம், திரும்ப அங்கயே போகும். என்ஸைம் க்ளீனர்னு, அந்த உச்சா வாசத்தையே போக்குறது, தனியா கேட்டு வாங்குங்க.

அப்புறம் டயப்பர் குப்பையை மூடி போட்ட டப்பாவுல போடுங்க. ஏன்னு கேக்காதீங்க. சரி சொல்றேன். ஒரு நாள் ராத்திரி கிழிச்சு உள்ள இருக்கிறதைத் தின்னுடுச்சு, அந்த ஜெல் தண்ணி பட்டா ஊதும், குடல்ல அடைச்சுக்கலாம்னு டாக்டர் சொன்னாரு, ஒரு ராத்திரி பூரா அங்கதான். நல்லவேளை ஒண்ணும் ஆகல.


ஊசி_போடுறவ:

விலங்கு மருத்துவமனையில உதவியாளரா இருக்கேன். மேல ரெண்டு பேரும் சொன்னது சரிதான், நான் வேற ஒண்ணு சொல்ல வந்தேன். நீங்க போற போக்குல ஒரு வரி எழுதிட்டுப் போயிட்டீங்க, "குதிகால்ல பல்லு பட்டு லேசா கீறி இருந்துச்சு, துடைச்சு விட்டுட்டேன்"னு. யாரும் அதைக் கேக்கல.

லாரிக்கு 12 வாரம். ரேபிஸ் தடுப்பூசி பொதுவா 12 வாரத்துக்கு மேலதான் போடுவாங்க, அப்போ அதுக்கு இன்னும் போட்டிருக்க வாய்ப்பு ரொம்பக் கம்மி. அதோட அம்மாவுக்குப் போட்டிருந்துச்சா, எங்க இருந்து வந்துச்சுன்னு உங்க வீட்டுக்காரருக்குத் தெரியுமா? குட்டி தானே, பால் பல்லு தானேன்னு நினைக்காதீங்க, குட்டிக்கும் ரேபிஸ் வரும். உங்க குட்டிக்கு இருக்குன்னு சொல்லல, இல்லாம இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். ஆனா அறிகுறி வந்துட்டா அநேகமா யாரையும் காப்பாத்த முடியாத நோய் அது, முன்னாடியே ஊசி போட்டா தடுத்துடலாம். அப்போ எதுக்கு யோசிக்கணும்?

இன்னைக்கே குழந்தையை குழந்தை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. தோல் கிழிஞ்சிருந்தா, ரத்தம் வரலைன்னாலும் கீறல் கீறல்தான். இனிமே பட்டா துடைக்காதீங்க, ஓடுற தண்ணியில சோப்பு போட்டு முழுசா 15 நிமிஷம் கழுவணும். 15 நிமிஷம்ங்கிறது நீங்க நினைக்கிறதை விட நீளம், கடிகாரம் வச்சுக்கோங்க. கட்டு போடாதீங்க, எதையும் அப்பாதீங்க. டாக்டர்கிட்ட குட்டியோட வயசு, ஊசி கார்டு எல்லாம் காட்டுங்க. குட்டியை 10 நாள் நல்லா சாப்பிடுதா, நடமாடுதான்னு பாக்கச் சொல்வாங்க, அதுக்காக அந்த 10 நாள் முடியட்டும்னு குழந்தையோட ஊசியைத் தள்ளிப் போடக் கூடாது. எந்த ஊசி, எத்தனைங்கிறது அவங்க முடிவு, என்னோடது இல்ல.

பயமுறுத்திட்டேனா? இதை மட்டும் நான் மென்மையா சொல்றது இல்ல.

மத்தபடி, பூச்சி மருந்து கொடுத்தீங்களா? குட்டிங்களுக்கு அம்மா வயித்துல இருந்தே உருண்டைப் புழு வந்துடும், அதனால பொதுவா 12 வாரம் வரைக்கும் ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை, அப்புறம் ஆறு மாசம் வரைக்கும் மாசம் ஒரு தடவைன்னு கொடுப்போம், அளவு எடையைப் பொறுத்து. இது குட்டிக்காக மட்டும் இல்ல, அந்தப் புழுவோட முட்டை மண்ணுல இருந்து குழந்தைங்க கை வழியா வாய்க்குப் போகும். புதுசா போன ஆய்ல இருக்கிற முட்டை உடனே தொத்தாது, அது முதிர ரெண்டு மூணு வாரமாவது ஆகும், அதனால தினமும் அள்ளிப் போட்டாலே முக்கால்வாசி கவலை போயிடும். விளையாடிட்டு வந்தா கை கழுவணும், வாயை நக்க விடக் கூடாது. மத்த தடுப்பூசிங்க 16 வாரம் வரைக்கும் தொடரும், நடுவுல விட்டுடாதீங்க.

அப்புறம் உங்க பெரியவன் கையில என்ன தின்பண்டம் இருக்குன்னு பாருங்க. சாக்லெட், திராட்சை, காஞ்ச திராட்சை, வெங்காயம், பூண்டு, சைலிட்டால் (சர்க்கரைக்குப் பதிலா சேர்க்கிற ஒரு இனிப்பு) போட்ட சூயிங்கம் இது எதுவும் குட்டி வாய்க்குப் போகக் கூடாது. குழந்தைக்கு ஊத்துற பாரசிட்டமால் பாட்டிலும்தான். பட்டன் பேட்டரி, சின்ன பொம்மை, சாக்ஸ் இதெல்லாம் நாங்க வயித்தைத் திறந்து எடுத்த லிஸ்ட்டு.

உறுமலுக்கு முன்னாடியே குட்டி நிறைய சொல்லிடும், பெரியவனுக்கு சொல்லிக் கொடுங்க. தூக்கம் வராதப்போ கொட்டாவி, சாப்பிடாதப்போ உதட்டை நக்குறது, மூஞ்சியைத் திருப்பிக்கிறது, கண்ணு ஓரத்துல வெள்ளை தெரியுறது, உடம்பு கட்டை மாதிரி ஆகுறது. இதுல எது வந்தாலும் கையை எடுக்கணும். கட்டிப் பிடிக்கிறது நம்ம பாஷை, அதோடது இல்ல. கடிக்கிறது தெரு நாய் மட்டும் இல்ல, வீட்டு நாயும்தான், அதுவும் குழந்தைன்னா மூஞ்சியில, ஏன்னா உயரம் அப்படி.


திருப்பிக்கொடுத்தவ:

எல்லாரும் வச்சுக்கோங்கன்னே சொல்றீங்க. நான் இன்னொரு பக்கம் சொல்றேன், கல்லெறியுறவங்க எறியலாம்.

நாங்க கொடுத்துட்டோம். அப்போ எனக்கு ஒண்ணரை வயசு ஒண்ணு, வயித்துல ஒண்ணு, வீட்டுல பெரியவங்க யாரும் இல்ல, அவருக்கு ராத்திரி ஷிஃப்ட். குட்டி மேல தப்பே இல்ல, தங்கமான குட்டி. ஒரு நாளைக்கு எட்டு பத்து தடவை அதை வெளிய கூட்டிட்டுப் போக ஆளு இல்ல, அவ்ளோதான். ஒரு மணி நேரம் முழிப்பு ரெண்டு மணி நேரம் தூக்கம்னு எழுதுறது சுலபம், அந்த ஒரு மணி நேரம் முழுக்க ஒரு பெரியவங்க கண்ணு அது மேல இருக்கணும், அந்தக் கண்ணு என்கிட்ட இல்ல. நாலு மாசத்துல, அது சின்னதா இருக்கும்போதே, பெரிய பசங்க இருக்கிற தெரிஞ்ச குடும்பத்துக்குக் கொடுத்தோம். ஃபோட்டோ அனுப்புறாங்க, குண்டா இருக்கு. எனக்கு வருத்தம் இருக்கு, குற்ற உணர்ச்சி இல்ல.

தூக்கம்கெட்டவ, குட்டியோட குணம் எப்படின்னு கேட்டீங்க. உங்க போஸ்ட்டை ரெண்டு தடவை படிச்சேன், அதுல வீட்டுக்காரர் ரெண்டே இடத்துலதான் வர்றாரு, கொண்டு வந்தப்போ ஒண்ணு, மூக்குல தட்டினப்போ ஒண்ணு. எனக்கு லாரியை விட அதுதான் கவலையா இருக்கு.


நன்றியுள்ளது:

குட்டி என்ன சட்டையா, சைஸ் சரியில்லன்னு திருப்பிக் கொடுக்க? முடியாதுன்னா எதுக்கு வாங்குறீங்க. இந்த மாதிரி ஆளுங்களாலதான் ரோட்டுல இத்தனை நாய்.


திருப்பிக்கொடுத்தவ:

ரோட்டுல விடல, வீடு பாத்துக் கொடுத்தேன்னு எழுதி இருக்கேன். படிச்சுட்டுப் பேசுங்க.


மூணுவால்:

சண்டை வேணாம்பா. மூணு வச்சிருக்கிற நானே சொல்றேன், ரெண்டாவது இன்னொரு வீட்டுல இருந்து எனக்கு வந்ததுதான், அவங்க கொடுக்காம பல்லைக் கடிச்சுட்டு இருந்திருந்தா அது மொட்டை மாடியில சங்கிலியோடதான் இருந்திருக்கும். வீட்டுக்காரர் பத்தி சொன்னதும் சரி, நான் கவனிக்காம விட்டுட்டேன்.


தூக்கம்கெட்டவ:

எல்லாத்தையும் படிச்சேன். ஊசி போடுறவ சிஸ், உங்க பதிலைப் படிச்ச கையோட சின்னவளைத் தூக்கிட்டு ஓடினேன். டாக்டர் பூதக்கண்ணாடி இல்லாத குறையா பாத்துட்டு, தோல் விட்டிருக்குன்னு சொல்லி முதல் ஊசி போட்டாச்சு, அடுத்ததுக்கு தேதி எழுதிக் கொடுத்தாங்க. குட்டி எங்க இருந்து வந்துச்சுன்னு அவர்கிட்ட கேட்டா, கூட வேலை பாக்குறவர் வீட்டுல போட்ட குட்டியாம், அம்மாவுக்கு ஊசி போட்டதா இல்லையான்னு ஃபோன் பண்ணிக் கேட்டாரு, "போட்டிருப்போம்னு நினைக்கிறேன்"னு பதில் வந்துச்சு. நினைக்கிறாராம்.

திருப்பிக்கொடுத்தவ, உங்க கடைசி வரியை மட்டும் அவருக்கு அனுப்பினேன். பேரைச் சொல்லல, யாரோ ஒருத்தங்க கேக்குறாங்கன்னு. ரெண்டு மணி நேரம் பதில் இல்ல. வந்து எதுவும் பேசாம குட்டியைத் தூக்கிட்டு உச்சாவுக்குப் போனாரு.


மூணுவால்:

அது போதும் இன்னைக்கு. பன்னெண்டு பதினஞ்சு நாள் கழிச்சு வந்து சொல்லுங்க.


தூக்கம்கெட்டவ (13 நாள் கழிச்சு):

வந்துட்டேன். முதல்ல சின்னவ, ஊசி எல்லாம் தேதிப்படி போகுது, லாரியும் நல்லா இருக்கு, அதுக்கும் ரேபிஸ் ஊசி போட்டாச்சு, பூச்சி மருந்தும்.

தூக்கத்தை எண்ணச் சொன்னீங்களே, எண்ணினேன், முதல் நாள் வெறும் 11 மணி நேரம். எனக்கே பாவமா போச்சு, அது தூங்கி எழுந்த ஒவ்வொரு தடவையும் யாரோ எழுப்பித்தான் எழுந்திருக்கு. இப்போ பதினேழு கிட்ட வருது. ஆறு மணி பேய் போகல, ஆனா இருபது நிமிஷத்துல அடங்குது, முன்னாடி ரெண்டு மணி நேரம் ஆடும். ஷெட்டுக்கு பெரியவன் போர்டு எழுதி ஒட்டிட்டான், "லாரி ரிப்பேர்ல இருக்கு தொடக் கூடாது"ன்னு, ரிப்பேர்ல ரி தலைகீழா இருக்கு. தூக்குறதை இன்னும் முழுசா விடல, நான் பாக்காதப்போ தூக்குறான், அதனால குட்டியும் அவனும் தனியா இருக்கிற நேரமே இல்லாம பண்ணிட்டேன், நான் பாத்ரூம் போனா லாரி ஷெட்டுக்குப் போகும்.

கேட் போட்டதுல மாமியாருக்குத்தான் கோவம், மூட்டு வலியோட தாண்ட முடியலன்னு. கதவு வச்ச கேட்டா மாத்தினோம். இப்போ அவங்கதான் மதியம் லாரிக்கு காவல், "எனக்கு இதைப் பிடிக்காது"ன்னு சொல்லிட்டே முதுகைத் தடவுறாங்க, நான் பாத்தா கையை எடுத்துக்கிறாங்க.

காலை அஞ்சு மணி உச்சா அவரோடதுன்னு ஆச்சு. பதிமூணு நாள்ல ரெண்டு நாள் மறந்துட்டாரு. குட்டி அவர் கையைப் பாத்துப் பம்முறது இன்னும் போகல, தள்ளி உக்காந்து அவர் கையில இருந்து வாங்கித் திங்குது, தின்னுட்டு உடனே பின்னாடி போகுது. அதுக்கு அவர் மூஞ்சி போற போக்கைப் பாக்கணும்.

சின்னவ தரையில இருக்கா. குட்டியைத் தொடல. நேத்து கேட்டுக்கு இந்தப் பக்கம் உக்காந்து அவ பொம்மை லாரியை ஓட்டினா, அது அந்தப் பக்கம் படுத்து பாத்துட்டு இருந்துச்சு, ரெண்டும் ஒரு பத்து நிமிஷம் அப்படியே.

கொடுக்கிறதா வேணாமான்னு இன்னும் முடிவு பண்ணல, ரெண்டு மாசம் பாக்கலாம்னு பேசி இருக்கோம். ஒரே ஒரு சந்தேகம், சின்னவளோட சாக்ஸ் ஒண்ணு காலையில இருந்து காணோம். லாரி சும்மா விளையாடிட்டுதான் இருக்கு. பாக்கணுமா?


ஊசி_போடுறவ:

பாக்கணுமாவா? கடைசியா எப்போ பாத்தீங்க அந்த சாக்ஸை? சாப்பிட்டுச்சா இன்னைக்கு, வாந்தி எடுத்துச்சா, ஆய் போச்சா, வயித்தைத் தொட்டா கத்துதா? முழுங்கி கொஞ்ச நேரம்னா வாந்தி எடுக்க வச்சே எடுத்துடலாம், அதை நீங்களா வீட்டுல பண்ணக் கூடாது. உப்புத்தண்ணி கிப்புத்தண்ணி எதுவும் ஊத்திடாதீங்க. உங்க டாக்டருக்கு இப்பவே ஃபோன் போடுங்க, பேசிட்டே ஒருத்தர் வீட்டைத் தேடுங்க.


தூக்கம்கெட்டவ:

கிடைச்சுடுச்சு!! வாஷிங் மெஷினுக்கு அடியில. டாக்டர் லைன்ல இருந்தாரு, சாரி சொல்லி வச்சேன்.


பாதி_செருப்பு:

நல்லது. இப்போ மெஷினுக்கு அடியில இருக்கிற இடைவெளியை அடைச்சுடுங்க, அடுத்து அதுக்குள்ள குட்டி போகும், அனுபவத்துல சொல்றேன்.